இது என்ன பொருள்? சிறிய அருங்காட்சியகத்தில் இனம் தெரியாதவற்றை வகைப்படுத்தும் முறை

சிறிய அருங்காட்சியகம் எதுவானாலும் அதன் பதிவேட்டில் "இதரவை" என்று ஒரு தலைப்பு இருக்கும். பத்துப் பொருளோடு தொடங்கியது சில ஆண்டுகளில் நூறாகிவிடும். பல் வைத்த இரும்புப் பிடி, ஜாடி இல்லாத மூடி, எதிலிருந்து கழன்றது என்று தெரியாத பித்தளை வளையம், ஒரு பிரமுகரின் கைத்தடி என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன குச்சி, எல்லாம் அங்கேதான் போய் விழும். பொருட்கள் விசித்திரமாக இருப்பது இதற்குக் காரணமில்லை. இதன் பெயர் என்ன, இது எந்த வகை, இது ஏன் நம்மிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே கட்டத்தில் பதில் எழுதப் பார்ப்பதுதான் காரணம்.

மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். கைத்தடியின் பெயர் கைத்தடி. வகை, ஆள் உடன் வைத்திருக்கும் சொந்தப் பொருள். யாருடையது என்பது தொடர்பு. பிரமுகர் கதை பொய்யென்று நாளை தெரிந்தால் மூன்றாவது கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும், முதல் இரண்டும் அப்படியே நிற்கும். "வரலாற்றுச் சின்னங்கள்", "பழங்காலப் பொருட்கள்", "நன்கொடைகள்" என்றெல்லாம் வகை பிரித்து வைத்திருந்தால் அவற்றைக் கலைத்துவிடுங்கள். பழமையும் நன்கொடையும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் பிரிக்காது.

எண் முதலில், வகை பிறகு

என்னவென்று தெரிந்த பிறகு பதிவு செய்யலாம் என்று வைத்தால், அது தெரிவதற்குள் பொருள் வந்த வழி மறந்துபோகும். உள்ளே வந்த அன்றே சேர்க்கை எண் கொடுங்கள். பரவலாகப் புழங்குவது மூன்று பகுதி எண். 2024.7.3 என்றால் 2024-இல் வந்த ஏழாவது வரவில் மூன்றாவது பொருள். கழலும் பாகங்களுக்கு எழுத்துச் சேர்க்கலாம்: ஜாடி 2024.7.3அ, மூடி 2024.7.3ஆ. வகையைக் காட்டும் குறியை எண்ணுக்குள் செருக வேண்டாம். நகை என்று நினைத்தது குதிரைச் சேணத்தின் பாகம் என்று பிறகு தெரியும். அப்போது பதிவேட்டில் எண்ணை மாற்றலாம், ஆனால் பழைய புகைப்படத்திலும் கடிதத்திலும் பழைய எண்தான் இருக்கும்.

எந்தக் காகிதமும் இல்லாமல் அலமாரியில் கிடப்பவற்றுக்குத் தனி வரிசை வையுங்கள். முன்னால் ஒரு "த" போட்டால் தற்காலிக எண் என்று எல்லாருக்கும் புரியும். பழைய பதிவேட்டில் "பித்தளைச் சாமான் 1" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்து, இதுவாகத்தான் இருக்கும் என்று அந்த எண்ணை இதற்கு ஒட்டிவிடாதீர்கள். அளவோ, பழைய சீட்டோ, கொடுத்தவர் பெயரோ ஏதாவது ஒன்று பொருந்தினால்தான் இணைக்கலாம்.

ஒரே பெட்டியில் வந்தவற்றைப் பிரிப்பதற்கு முன், அவை கிடந்த கிடப்பிலேயே ஒரு படம் எடுங்கள். உருத்தெரியாத கம்பி ஒன்று தொப்பிக் கடைச் சாமான்களோடு வந்தது என்பதே பாதி விடை. சுற்றிவந்த செய்தித்தாளையும் சீட்டையும் எறிய வேண்டாம்.

பொருளின் மேல் எண்ணை எழுதும் முறை: உலோகம், கண்ணாடி, மெருகிட்ட பீங்கான் என்றால் அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் பூச்சை மெல்லிய பட்டையாகத் தடவி, நன்கு உலர்ந்ததும் நிறமி மையால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். அதன் மேல் பாராலாய்ட் பி-67 என்ற இன்னொரு பிசினை ஒயிட் ஸ்பிரிட்டில் (வர்ணத்தை நீர்க்கச் செய்யும் பெட்ரோலியக் கரைப்பான்) கரைத்துப் பூசுங்கள். மேல்பூச்சுக்கும் அசிட்டோன் கரைசலையே எடுத்தால் கீழ்ப்பூச்சு கரைந்து எழுத்து இழுபடும். பிளாஸ்டிக், ரப்பர், வர்ணம் பூசிய பரப்பு, மெருகிடாத மரம் எதிலும் இந்தக் கரைசல்கள் படக் கூடாது. அவற்றுக்குப் பருத்தி நூலில் கட்டிய சீட்டு. துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை நாலைந்து தளர்ந்த தையலில் பிடிக்க வேண்டும். காகிதத்துக்கு 2பி பென்சிலால் பின்பக்க மூலையில். பசை நாடா, பால் பாயிண்ட் பேனா, ஸ்டேப்ளர் மூன்றுக்கும் இந்த அறையில் வேலையில்லை. எண் விழும் இடம், தயாரிப்பாளர் முத்திரையையோ தேய்மானம் தெரியும் இடத்தையோ மறைக்கக் கூடாது.

கை வைப்பதற்கு முன்

பெயர் தெரியாத பொருளில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாதுதான். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும், நூலும் சிக்கும். கீழே வருபவற்றில் எதன் சாயலாவது தெரிந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

இருட்டில் ஒளிரும்படி செய்த பழைய கடிகார முகப்பும் மானி முகப்பும் ரேடியம் பூசியவையாக இருக்கலாம். இன்று ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். கெட்டுப்போனது ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். முகப்பைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. பழைய முதலுதவிப் பெட்டியிலும் மருந்துப் பெட்டியிலும் பிக்ரிக் அமிலம் இருந்தால், அது காய்ந்து மஞ்சள் படிகமானபின் அதிர்ச்சியில் வெடிக்கும். மூடியைத் திருகாதீர்கள், நகர்த்தாதீர்கள், வெடிபொருள் வல்லுநர்களைக் கூப்பிடுங்கள். தோட்டா, பீரங்கிக் குண்டு, கையெறிகுண்டு எதையும் காலியென்று யாரோ சொன்னதை நம்பி எடுக்க வேண்டாம். திரவம் நிரம்பிய கண்ணாடி உருண்டை அலங்காரப் பொருளாகத் தோன்றும். அது பழங்காலத் தீயணைப்பு உருண்டையாக இருந்தால் உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கக்கூடும், அதன் ஆவி நஞ்சு. பாடம் செய்த விலங்குகளிலும் பறவைகளிலும் ஆர்சனிக் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிம் சுருள் மஞ்சளாகிப் பிசுபிசுத்து, நெடி அடித்தால் செல்லுலோஸ் நைட்ரேட்டாக இருக்கலாம், தீப்பிடித்தால் அணைக்க முடியாது. வினிகர் வாடை வந்தால் அது அசிடேட். தீ அபாயம் குறைவு, ஆனால் பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.

பொருளைப் படிக்கும் வரிசை

இணையத்தில் தேடுவது கடைசி வேலை. முதலிலேயே படத்தை ஏற்றித் தேடினால் உருவம் மட்டும் ஒத்துப்போகும் ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்குப் பிறகு பொருளில் அதற்குப் பொருந்துவது மட்டும்தான் கண்ணில் படும்.

ஆறு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஏழாவது படம், டார்ச்சைப் பரப்போடு படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடித்து எடுப்பது. தேய்ந்துபோன எழுத்தும் கருவித் தடமும் அந்த ஒளியில்தான் எழும்பும். உயரம், அகலம், ஆழத்தை மில்லிமீட்டரிலும் எடையைக் கிராமிலும் எழுதுங்கள். எடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு பித்தளை உருளைகளில் ஒன்று திடமானது, மற்றது குழல் என்பதைப் படம் சொல்லாது, எடைதான் சொல்லும்.

பிறகு இவற்றைப் பாருங்கள். கை எங்கே பிடிக்கும்? ஒரு கையா, இரண்டா, விரல் மட்டுமா? எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தேயவில்லை? எதிலாவது பொருத்தியிருந்ததற்கு அடையாளம் உண்டா: திருகுத் துளை, மரை, வெல்டிங் தடம், ஒரு பக்கம் மட்டும் மெருகில்லாமல் விட்ட பரப்பு? அசையும் பாகம் எந்தத் திசையில் அசைகிறது, எங்கே நிற்கிறது? எது குறைகிறது? சூட்டின் கருமை, சுண்ணப் படிவு, எண்ணெய், மை, மெழுகு ஏதும் ஒட்டியிருக்கிறதா? இதையெல்லாம் எழுதி முடிக்கும்வரை பொருளைத் துடைக்கக் கூடாது. மெருகேற்றித் தந்த பொருளில் பயன் பற்றிய சாட்சி பெரும்பாலும் துணியோடு போய்விட்டிருக்கும்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். முதலை வடிவத்தில் ஒரு முழம் நீளத்துக்குள் அடங்கும் வார்ப்பிரும்பு. வால் பக்கம் நெம்பும் பிடி, வாய் பக்கம் கீல். மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் எதிரெதிராக அரைவட்டப் பள்ளங்கள், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படி, உள்ளே நெருக்கமான வரிகள். கால்களில் திருகுத் துளை. பார்த்தவுடன் கொட்டை உடைப்பான் என்று தோன்றும், பல பட்டியல்களிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கொட்டை உடைக்க ஒரு பள்ளம் போதும். அளவு ஏறிக்கொண்டே போகும் பள்ளங்கள், அளவு ஏறிக்கொண்டே போகும் ஏதோ ஒன்றுக்காக. வரிகளின் முனை மழுங்கியிருக்கிறதே தவிர எங்கும் சில்லு பெயரவில்லை. ஆக, உள்ளே வைத்தது மிருதுவானது. உருளை வடிவம், பல அளவு, மிருது, மேசையில் நிரந்தரமாகத் திருகிய கருவி: இது மருந்துக் கடைத் தக்கை அழுத்தி. தக்கையை அழுத்தி இளக்கி, மருந்துக் குப்பியின் கழுத்தில் இறுக்கமாகச் செருகுவதற்கானது. வகை, மருந்தாளர் கருவி. விலங்கு வடிவம் வகையை மாற்றாது. அது விவரணைக் கட்டத்துக்குரிய செய்தி.

இதே வழியில் பிடிபடும் இன்னும் இரண்டு. பேனாக்கத்தி என்று பதியப்பட்டவற்றில் சில, சிகிச்சைக்காக நரம்பைக் கீறிக் குருதி வடிக்கும் கருவிகள். பித்தளை அல்லது கொம்பு உறைக்குள் மடங்கும் அலகுகளில் வெட்டும் விளிம்பு நீளவாக்கில் இல்லாமல், பக்கவாட்டில் சிறு முக்கோண முனையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அலகு பெரிதென்றால் கால்நடைக்கு. குழம்பு ஊற்றும் பீங்கான் பாத்திரம் என்று காட்சிக்கு வைத்த நீள்வட்டக் கிண்ணத்தில் ஊற்றும் மூக்கு இல்லாமல், ஒரு முனையின் உதடு உள்நோக்கி வளைந்திருந்தால் அது போர்டலூ, பயணத்தில் பெண்கள் பயன்படுத்திய சிறுநீர்க் கலம். உணவு மேசைக் காட்சியிலிருந்து அன்றே எடுத்துவிடுவது நல்லது.

காலத்தைக் கட்டுப்படுத்தும் தடயங்கள்

தேதி தெரிந்தால் பாதி ஊகங்கள் தானே விழுந்துவிடும். ஒரு பொருள், அதிலுள்ள மிகப் புதிய அசல் பாகத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது. கூட்டல் குறி வெட்டுள்ள பிலிப்ஸ் திருகு என்றால் 1930-களுக்கு முன் இல்லை. பேக்லைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் 1907-க்கு முன் இல்லை. இன்றைய வடிவிலுள்ள ஜிப் 1913-க்குப் பின். துருப்பிடிக்காத எஃகு வணிகத்துக்கு வந்ததும் அதே ஆண்டை ஒட்டித்தான். பார்கோடு முதன்முதலில் கடையில் ஸ்கேன் ஆனது 1974-இல். ஆனால் பழுது பார்த்தவர் மாட்டிய புதுத் திருகு பொருளைப் புதியதாக்கிவிடாது. எல்லாத் திருகுகளும் ஒரே மாதிரியா, துளையைச் சுற்றிப் பழைய தடம் உண்டா என்று பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

காப்புரிமை எண் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். இணையத்தில் அந்த எண்ணைத் தேடினால் வரைபடத்தோடு முழு விளக்கமும் கிடைக்கும். அமெரிக்கக் காப்புரிமையின் பத்து லட்சமாவது எண் 1911-இல் வந்தது. ஆறு இலக்க எண் அதற்கு முன், ஏழு இலக்கம் அதிலிருந்து. தோற்றத்துக்கு மட்டும் தரும் வடிவக் காப்புரிமைக்கு வேறு எண் வரிசை என்பதால் அதை இதோடு குழப்ப வேண்டாம். காப்புரிமைத் தேதியும் பொருள் செய்த தேதியும் ஒன்றல்ல. இருபது ஆண்டு கழித்தும் அதே அச்சில் வார்த்திருப்பார்கள். பிரிட்டிஷ் பொருளில் சாய்சதுரப் பதிவு முத்திரை இருந்தால் வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. அமெரிக்கச் சந்தைக்கான இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1890-இல் வந்தது. நாட்டின் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம். இல்லாவிட்டால் முந்தையது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் காகிதச் சீட்டாக ஒட்டியிருந்தது உதிர்ந்திருக்கலாம்.

செய்யக்கூடிய சோதனை, செய்யக்கூடாத சோதனை

காந்தம், பத்து மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சமையலறைத் தராசைவிடத் துல்லியமான ஒரு தராசு. இவ்வளவு போதும். புற ஊதா ஒளியில் அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாகவும், யுரேனியக் கண்ணாடி பளிச்சென்ற பச்சையாகவும் ஒளிரும். காகிதம் நீலவெள்ளையாகச் சுடர்விட்டால் அதில் வெண்மையைக் கூட்டும் ஒளிர்வூட்டி சேர்ந்திருக்கிறது. அது ஏறத்தாழ 1950-க்குப் பிந்தைய வழக்கம். துணியில் இதே சுடரை நம்ப வேண்டாம், பழைய துணியைப் புதுச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

உலோகம் எது என்று தெரியாதபோது அடர்த்தி பார்க்கலாம். காற்றில் நிறுத்து, பிறகு நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 210 கிராம், நீரில் 185 என்றால் வித்தியாசம் 25, 210-ஐ 25-ஆல் வகுத்தால் 8.4. அது பித்தளை. வெள்ளி 10.5, ஈயம் 11.3, வெள்ளீயம் 7.3, அலுமினியம் 2.7. இரும்பு, மரம் சேர்ந்தது, உள்ளே காற்று அடைபட்டது, பூச்சு உரியும் நிலையில் உள்ளது இவற்றை நீரில் இறக்கக் கூடாது. கணக்கும் தப்பும், பொருளும் கெடும்.

தந்தமா பிளாஸ்டிக்கா என்று சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. செய்யாதீர்கள். வடு நிரந்தரம், அதோடு அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் பற்றிக்கொள்ளும். லென்ஸே போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் வளைகோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். செல்லுலாய்டு நகலில் ஒரே சீரான இணைகோடுகள். தந்தம் உறுதியானால் அதைப் பதிவில் எழுதுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருப்பதால், கண்காட்சிக்காக நாடு தாண்டி அனுப்புவதற்கும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள்.

விண்கல் என்று வந்த கல்லில் குமிழ்த் துளைகள் நிறைய இருந்தால் அது பெரும்பாலும் உலைக் கசடு. வலுவான நியோடிமியம் காந்தத்தை மேலே வைத்துத் தேய்க்க வேண்டாம். உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால் அதன் பழங்காலக் காந்தப் பதிவு அழிந்துவிடும்.

எந்த வகைப்பாட்டை எடுப்பது

சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டாம். ஆள் மாறினால் அதன் விதியும் மாறிவிடும். மனிதர் செய்த பொருளுக்கு வட அமெரிக்காவில் அதிகம் புழங்குவது, ராபர்ட் சென்ஹால் 1978-இல் வெளியிட்ட நோமன்கிளேச்சர் என்ற பெயர், வகைப் பட்டியல். இப்போது இணையத்தில் இலவசம். அதன் அடிப்படை விதி ஒன்றே: பொருள் முதலில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதுவே அதன் வகை. மொத்தம் பத்துப் பெரும்பிரிவுகள். பத்தாவது, வகைப்படுத்த இயலாதவை. அதற்குள்ளும் துண்டு, பயன் தெரியாதது, பல பயன் உள்ளது என்று தனித்தனி அறைகள். "இதரவை"க்குப் பதிலாக இந்த மூன்றைக் கொண்டுவந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிரிட்டனில் 1983-இல் வந்த ஷிக் (SHIC) என்ற சமூக வரலாறு, தொழில் வகைப்பாட்டு முறை வேறு கேள்வியைக் கேட்கிறது: பொருள் எந்த வாழ்க்கைச் சூழலில் புழங்கியது? சமூக வாழ்வு, இல்லற வாழ்வு, தனிவாழ்வு, தொழில் வாழ்வு என்று நான்கு பிரிவு. ஒரே கத்தரிக்கோல் வீட்டிலிருந்து வந்தால் ஓரிடம், தையற்கடையிலிருந்து வந்தால் வேறிடம். எங்கிருந்து வந்தது என்ற தகவல் உறுதியாக உள்ள தொகுப்புக்கு இது அழகாகப் பொருந்தும். தகவல் இல்லாத பொருட்களே அதிகமென்றால் முதல் முறைதான் உங்களுக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் தேடுபவர் எந்தப் பொருளையும் கண்டுபிடிக்க மாட்டார். இசைக்கருவிக்கு 1914-இல் இசையறிஞர்கள் ஹார்ன்பாஸ்டலும் சாக்ஸும் வகுத்த, ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கும் எண்முறை இருக்கிறது. பெயர்ச்சொற்களுக்கு, அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவனம் வெளியிடும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் உதவும். இயற்கைப் பொருட்களை, அதாவது இரட்டைத்தலைக் கன்று, புதைபடிவம், மனிதர் செய்தது போலவே உருண்டு திரண்ட கல் ஆகியவற்றை, இதற்குள் திணிக்காமல் உயிரியல், நிலவியல் பெயரில் தனியே வைக்க வேண்டும்.

தகராறு வரும் இடங்கள்

மறுபயன். சுட்டு முடித்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டைத் தட்டிச் செதுக்கிப் பூச்சாடியாக்கியிருந்தால் அது பூச்சாடி. குண்டுக்கூடு என்பது மூலப்பொருள் கட்டத்தில் வரும். எந்த மாற்றமும் செய்யாமல் பூ மட்டும் வைத்திருந்தால் அது குண்டுக்கூடே, பூ வைத்தது பயன்பாட்டு வரலாறு. கை வைத்து உருவை மாற்றினார்களா என்பதுதான் எல்லைக்கோடு.

சிறிய உருவங்கள். பொம்மை வீட்டு நாற்காலி நாற்காலி அல்ல, விளையாட்டுப் பொருள். ஆனால் சிறியதெல்லாம் விளையாட்டுப் பொருளும் அல்ல. மூட்டுகள் உண்மையான அளவிலான தச்சுமுறையிலேயே செய்யப்பட்டு, தயாரிப்பாளர் பெயரும் இருந்தால் அது விற்பனையாளர் எடுத்துச்சென்ற மாதிரியாகவோ, தொழில் பழகியவரின் தேர்ச்சிப் பொருளாகவோ இருக்கலாம். நாடகத்துக்கென்று செய்த வாளும் இப்படித்தான். அது ஆயுதம் அல்ல, மேடைப் பொருள். விளிம்பில் கூர் தீட்டிய தடமே இருக்காது.

பாகங்கள். முழுப் பொருள் எதுவென்று தெரிந்தால் பாகமும் அதே வகை. விளக்கின் திரிக்கூடு, விளக்கு வகை. தெரியாவிட்டால் துண்டு. தனியாகக் கிடக்கும் மூடிக்கு விட்டத்தையும் மரையின் அளவையும் எழுதுங்கள், ஜாடி ஒருநாள் கிடைக்கலாம்.

கலன்கள். ஒரே ஒரு பொருளுக்கென்று வடிவமைத்த பெட்டி, அந்தப் பொருளின் வகையோடு போகும்: வயலின் பெட்டி இசையோடு, நுண்ணோக்கிப் பெட்டி அறிவியல் கருவியோடு. எதையும் போடலாம் என்ற பெட்டி கலன் வகைதான், உள்ளே கடைசியாக என்ன இருந்தாலும்.

சடங்குப் பொருள் என்ற சொல்லை எழுதுவதற்கு முன் ஆதாரத்தைக் கேளுங்கள். எங்கே கிடைத்தது, யார் சொன்னது, அதே போன்ற பொருள் வேறெங்கே அப்படிப் பதிவாகியிருக்கிறது? பயன் தெரியவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழியாக அந்தச் சொல் ஆகிவிட்டது. உண்மையில் வழிபாட்டில் இருந்த பொருளென்றால் அதைத் தொடுவது, காட்டுவது குறித்து அந்தச் சமூகத்திடம் பேச வேண்டிய கடமையும் கூடவே வரும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது

ரோமானியப் பன்னிருமுகி என்ற பொருளை எடுங்கள். உள்ளீடற்ற வெண்கலம், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விட்டத்தில் ஒரு துளை, இருபது மூலைகளிலும் ஒரு குமிழ். ரோமப் பேரரசின் வடமேற்கு மாகாணங்களில் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அக்கால எழுத்தில் ஒரு வரி இல்லை. மெழுகுவர்த்தித் தாங்கி, நில அளவைக் கருவி, கையுறை பின்னும் சட்டம் என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு, ஏற்கப்பட்டது எதுவுமில்லை. பெயர் வடிவத்தை மட்டும் சொல்கிறது என்பதால் எந்த விளக்கம் ஜெயித்தாலும் பெயர் மாற வேண்டியதில்லை. எதிர்ப்பக்க உதாரணம், ஐரோப்பியப் பழங்கற்காலத்துத் துளையிட்ட கொம்புக் கோல்கள். முதலில் தலைவரின் அதிகாரக் கோல் என்று பெயரிட்டுவிட்டார்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரமில்லை என்று ஆன பின் துளையிட்ட கோல் என்று மாற்ற வேண்டிவந்தது, பழைய பெயர் இன்னும் காட்சிச் சீட்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனவே பயன் தெரியாத பொருளுக்கு வடிவமும் மூலப்பொருளும் சொல்லும் பெயர் போதும். பதிவு இப்படி இருக்கலாம்:

சேர்க்கை எண்: த.118
பெயர்: பற்களுள்ள சக்கரம், பிடியுடன்
வகை: பயன் தெரியாதது
மூலப்பொருள்: பித்தளைச் சக்கரம், இரும்பு அச்சு, கடைந்த மரப்பிடி
அளவு: நீளம் 164 மிமீ, சக்கர விட்டம் 31 மிமீ, எடை 92 கிராம்
விவரம்: 24 பற்கள், முனை கூர், சமதூரம். சக்கரம் தடையின்றி இருபுறமும் சுழல்கிறது. பிடியின் மேற்பகுதியில் கட்டைவிரல் தேய்மானம். முத்திரை இல்லை.
ஊகம்: தோலில் தையல் துளைகளுக்குச் சமதூரம் குறிக்கும் உருளை, அல்லது துணியில் வடிவம் நகலெடுப்பது
நிலை: பெரும்பாலும்
ஆதாரம்: பல் இடைவெளி; பற்களிடையே கரும் மெழுகுப் படிவு
விலக்கியவை: மாவு வெட்டும் சக்கரம் (பல் முனை வெட்டாது, குத்தும்)
எழுதியவர், தேதி

நிலை கட்டத்துக்கு உறுதி, பெரும்பாலும், ஊகம் என்ற மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஐந்து நிலை வைத்தால் இரண்டு பேர் ஒரே பொருளுக்கு இரண்டு நிலை எழுதுவார்கள். விலக்கியவை என்ற கட்டத்தை யாரும் வைப்பதில்லை, ஆனால் அடுத்து வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது அதுதான். தையல்காரரோ, தோல் தொழிலாளியோ, கடிகாரம் பழுது பார்ப்பவரோ பொருளை அடையாளம் காட்டினால் அவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் "இது தக்கை அழுத்தியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கை தானாக எங்கே போகிறது என்று பாருங்கள்.

பெயர் மாறும்போது பழையதை அழிக்கக் கூடாது. "முந்தைய பெயர்" என்று கீழே தேதியோடு போடுங்கள். எக்செல் தாளில் வைத்திருப்பவர்கள் வகைக் கட்டத்தில் கையால் தட்டாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் "விளக்கு", "விளக்குகள்", "விளக்கு வகை" மூன்றும் மூன்று வகையாக நிற்கும்.

பயன் தெரியாதவற்றை ஒரே அலமாரியில் குவிக்க வேண்டாம். மூலப்பொருளின்படி இரும்போடு இரும்பு, தோலோடு தோல் என்று பராமரிப்புக்கு ஏற்ற இடத்தில் வைத்து, பட்டியலில் மட்டும் ஒன்றாகத் திரட்டுங்கள். அந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாய் வந்த ஒருவரை உட்கார வைத்துப் படங்களோடு பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அமர்வில் முப்பதுக்கு மேல் காட்டினால் கண் மரத்துப்போகும்.